மூங்கி வேஷம்

ஜெபராணிக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் வேஷம், முகத்தில் கறுப்புப் பூசிக்கொள்ள மாட்டேன் என்று இன்னொருத்தி விட்டுப்போன வேஷம்.

1997 பொங்கல் விழாவுக்காக எடிசன் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தில் 'காட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர்' என்று ஒரு நகைச்சுவை நாடகம் தயாராகிக்கொண்டிருந்தது. எழுதி இயக்கியவர் அனந்தராமன். வார நாட்களில் இன்சூரன்ஸ் கம்பெனியில் ப்ரோகிராமர், சனி ஞாயிறுகளில் நாடகக்காரர். அமெரிக்காவிலிருந்து லீவில் போகும் என்ஜினியரின் கார் நீலகிரிக் காட்டில் நின்றுபோகிறது. மூங்கி என்ற காட்டுவாசிப் பெண் அவனுடைய லேப்டாப்பைப் பேய்ப்பெட்டி என்று நினைத்துச் சூடம் காட்டுகிறாள். கதை அவ்வளவுதான்.

ஜெபராணி அப்போது ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயருக்குப் பக்கத்து அபார்ட்மென்ட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கணவன் ரெனிஷுக்கு ஒரு பேங்கில் கான்ட்ராக்ட் வேலை. அவளுடைய விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. கோயம்புத்தூரில் கல்லூரி நாட்களில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் வீதி நாடகங்களில் தொண்டை வறள நடித்தவள் அவள். தெருமுனையில் வட்டம் கட்டி நிற்கும் கூட்டத்தை ஒரு பார்வையில் பிடித்து நிறுத்தத் தெரியும். இங்கே அவளைப் பார்க்க ரெஃப்ரிஜிரேட்டரும் டிவியும்தான் இருந்தன. அதனால் சர்ச்சில் யாரோ சொல்லி அனந்தராமன் போன் பண்ணியபோது, என்ன வேஷம் என்றுகூடக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டாள்.

ஒத்திகை அனந்தராமன் வீட்டு பேஸ்மென்ட்டில். வசனத்தைப் படித்ததும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் அவள் இருளர் வீட்டுப் பெண்.

ஆனைகட்டி மலையில் பிறந்தவள். அம்மா தடாகம் செங்கல் சூளைகளில் கல் சுமந்தவள். அக்கா மருதியையும் இவளையும் மிஷன் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். மருதி கொஞ்ச நாளிலேயே சுவரேறிக் குதித்து மலைக்குத் திரும்பி, வளர்ந்ததும் காட்டு நிலப் போராட்டங்களில் இறங்கிவிட்டாள். ரங்கி என்று பெயர் கொண்டிருந்த சின்னவள் அங்கேயே தங்கி, ஜெபராணி ஆகி, பி.ஏ. வரைக்கும் படித்தாள். ரெனிஷுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் ஆசைப்பட்டுக் கட்டினான். மார்த்தாண்டத்தில் இருந்த அவன் அம்மாவுக்கு மட்டும், பெண் கோயம்புத்தூர், ஹாஸ்டலில் வளர்ந்தவள் என்ற அளவில் சொல்லியிருந்தான். "மிச்சத்த பொறவு சொல்லிக்கலாம்" என்றான். அந்தப் பொறவு வரவே இல்லை.

"பேசு ஜெபா. சும்மா உனக்கு வந்த மாதிரி பேசு" என்றார் அனந்தராமன்.

அவள் பேசினாள். எழுதியிருந்த வசனத்தை அப்படியே தன் வீட்டுப் பேச்சின் இழுப்பில் சொன்னாள். பேஸ்மென்ட்டில் இருந்த எல்லாரும் நிமிர்ந்தார்கள். அடுத்த வசனத்துக்கு என்ஜினியர் பக்கம் திரும்பும்போது அவள் உடம்பு தானாக ஒன்றைச் செய்தது. நேராக நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி, ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்து, புறங்கையால் வாயை மூடிக்கொண்டு, அந்தக் கைக்குப் பின்னாலிருந்து பேசினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அனந்தராமனின் மனைவி நாகலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இதை எங்கேடி புடிச்ச?" என்றாள்.

"எங்க ஊர்ப் பக்கம் ஒரு அம்மா இப்படித்தாங்க பேசுவாங்க" என்றாள் ஜெபராணி.

அது அவள் அம்மா. ஒருமுறை காட்டில் விறகோடு வரும்போது ஃபாரஸ்ட் கார்டு நிறுத்திக் கேள்வி கேட்டான். அம்மா அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள். "மூஞ்சிக்கு நேரா வாயத் தொறக்கறியா?" என்று கன்னத்தில் அறைந்தான். சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ரங்கிக்கு அந்தச் சத்தம் தெரியும். அதற்கப்புறம் அம்மா, பேன்ட் போட்ட யாரிடம் பேசினாலும் ஒதுங்கி நின்று, வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள். ஹாஸ்டல் வார்டனிடமும் அப்படித்தான்.

ஒத்திகை முடிந்து ரயிலில் வீடு திரும்பும்போது, அந்தக் கையை எடுத்துவிட வேண்டும் என்று ஜெபராணி தீர்மானித்துக்கொண்டாள். அடுத்த வாரம் எடுத்தும் பார்த்தாள். "எங்கம்மா அந்தக் கை? அதுதானே சீனே!" என்றார் அனந்தராமன். திரும்ப வைத்தாள்.

விழா அன்று நாகலக்ஷ்மிதான் மேக்கப் போட்டாள். "உனக்கு ரொம்பப் பூச வேண்டியதே இல்ல, நல்லவேளை" என்று சிரித்துக்கொண்டே, ஆனாலும் ஒரு கோட்டிங் அடித்தாள். மேடையில் கை வாய்க்குப் போனதும் அரங்கம் அதிர்ந்தது. அந்தச் சத்தம் ஜெபராணியின் காலில் ஏறி நெஞ்சு வரைக்கும் வந்தது. அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் பிற்பாடு அவளை மிகவும் குடைந்தது. கட்டாயப்படுத்திச் செய்ய வைத்தார்கள் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் மூங்கி அமெரிக்காவெல்லாம் சுற்றினாள். எந்த ஊர்ச் சங்கத்தில் விழா என்றாலும் அந்த நாடகம்தான் கேட்டார்கள். மளிகைக் கடைகளில் அதன் வீடியோ கேசட்டை வாடகைக்கு விட்டார்கள். சாம்பார் பொடி வாங்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத பெண்கள், "நீங்க மூங்கிதானே?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அனந்தராமன் அவளுக்காகவே சீன்களை நீட்டினார். அவளும் புதிது புதிதாகச் சேர்த்தாள். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற நடை, பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் தரையில் உட்காருகிற விதம், பணத்தாளை மோந்து பார்க்கிற பழக்கம். எல்லாவற்றுக்கும் சிரிப்பு வந்தது. அம்மாவைத் தவிர அவளிடம் வேறு சரக்கு இருக்கவில்லை.

1999 கோடையில், டெக்சாஸில் பிளானோவில் நாடகம் போட இருந்த வாரத்தில், ஒரு காலைப் பொழுதில் போன் வந்தது. ஆனைகட்டி எஸ்டிடி பூத்திலிருந்து மருதி. இருளப் பேச்சில்தான் பேசினாள்.

"அம்மா போயிட்டா, ரங்கி. நெஞ்சு வலின்னு படுத்தா, எந்திரிக்கல. நீ எப்ப வர்ற?"

"அக்கா, எங்க பேப்பரெல்லாம் நடுவுல நிக்குது. இப்ப வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது."

பூத்துக்கு வெளியே பஸ் ஹாரன் கேட்டது. "அப்படியா? சரி, நாங்க பாத்துக்கறோம்" என்று வைத்துவிட்டாள்.

கிரீன் கார்டு விண்ணப்பம் நடுவில் நின்றது பொய்யில்லை. ஆனால் இப்படி ஒரு சாவுக்குப் போய்வரத் தனியாக அனுமதி வாங்கலாம் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். ரெனிஷும் அதைத்தான் சொன்னான். "வக்கீல்கிட்ட நான் இப்பமே கேக்கேன். நீ பெட்டிய எடு."

"வேண்டாம். சனிக்கிழமை பிளானோ."

"ஏ, ஒங்க அம்மை செத்திருக்கா!"

"எல்லா டிக்கெட்டும் வித்தாச்சு. நான் போகலேன்னா நாடகமே இல்ல."

அவன் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போனான்.

பிளானோவில் அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கை வாய்க்குப் போனபோது ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாடகம் முடிந்ததும் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வரிசையில் வந்து, "மூங்கி ஆன்ட்டி, டூ த ஹேண்ட் திங்!" என்று கேட்டன. செய்து காட்டினாள். ஹோட்டல் அறையில் ஷவரைத் திறந்துவிட்டுக் கறுப்பைக் கழுவினாள். கழுவக் கழுவப் போய்க்கொண்டே இருந்தது. அழுகை வரவில்லை. வராததுதான் பயமாக இருந்தது.

அதற்கப்புறம் மருதி போன் பண்ணவில்லை. இவளுக்குப் பண்ண முகமில்லை.

மறுவருடம் அக்டோபரில் கலிஃபோர்னியா டப்ளினில் தீபாவளி நிகழ்ச்சி. ஒரு ஹைஸ்கூல் ஆடிட்டோரியம். மேக்கப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஊர்ச் சங்கத் தலைவர் மணியன் உற்சாகமாக உள்ளே வந்தார்.

"அனந்து சார், இன்னைக்கு ஒரு சர்ப்ரைஸ். சான்ஃபிரான்சிஸ்கோல பழங்குடி மக்கள் மாநாடு ஒண்ணு நடக்குது. அதுக்கு நம்ம ஊர்லேர்ந்து ஒரு லேடி வந்திருக்காங்க. காட்டு நிலத்துக்காகப் போராடறவங்க. ஒரிஜினல் இருளர்! எங்க வீட்லதான் தங்கியிருக்காங்க. சீஃப் கெஸ்ட்டா முன் வரிசையில உக்கார வெச்சிருக்கேன். அவங்க முன்னாடியே மூங்கி ஆடினா எப்படி இருக்கும்!"

"பேரென்னங்க?" என்று கேட்டாள் ஜெபராணி. கேட்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மருதி. ஆனைகட்டியாம்."

மணியன் போனதும் அவள் அனந்தராமன் கையைப் பிடித்தாள். "சார், இன்னைக்கு வேண்டாம் சார். எனக்கு உடம்பு முடியல."

"என்னம்மா விளையாடறியா? ஹால் ஃபுல். ஒரு டைலனால் போட்டுக்கோ."

உண்மையைச் சொல்ல அப்போது ஒரு நிமிடம் இருந்தது. அவள் மாத்திரையை வாங்கி விழுங்கினாள்.

திரை விலகியதும் முதலில் அக்காவைத்தான் பார்த்தாள். கைத்தறிச் சேலை, அதன்மேல் யாரோ கொடுத்த பெரிய ஸ்வெட்டர். மருதி இவளை உடனே அடையாளம் கண்டுகொண்டாள் என்பது அவள் கழுத்து நிமிர்ந்ததிலேயே தெரிந்தது. ஜெபராணி கையைக் கீழேயே வைத்துக்கொண்டு முதல் வசனத்தைச் சொன்னாள். சிரிப்பு வரவில்லை. இரண்டாவதுக்கும் வரவில்லை. என்ஜினியர் வேஷத்தில் இருந்தவன் கண்ணால் கெஞ்சினான். அரங்கம் இருமத் தொடங்கியது. மேடைக்காரிக்கு அந்த இருமலைத் தாங்க முடியாது. மூன்றாவது வசனத்தில் கால் காலின் மேல் ஏறியது, கை வாய்க்குப் போனது. ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. மருதி மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்தாள். அதிலிருந்து கடைசி வரைக்கும் ஜெபராணி ஒன்றையும் குறைக்காமல் நடித்து முடித்தாள்.

பொன்னாடை போர்த்த மருதியை மேடைக்கு அழைத்தார்கள். மணியன் மைக்கில், "நிஜ மூங்கியும் நம்ம மூங்கியும்! எப்படி இருந்துச்சும்மா? உங்க ஊர்ல இப்படித்தான் பேசுவாங்களா?" என்று கேட்டு மைக்கை நீட்டினார்.

மருதி மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஜெபராணிக்கு நேராகத் திரும்பினாள்.

"ரொம்ப நல்லா நடிச்சீங்கம்மிணி" என்றாள் கோயம்புத்தூர்த் தமிழில். "எங்க சனத்தப் பாத்த மாதிரியே இருந்துச்சு. ஆருகிட்டக் கத்துக்கிட்டீங்க?"

அக்கா தன்னை அம்மிணி என்கிறாள், நீங்க என்கிறாள் என்பது ஜெபராணிக்கு உறைக்க ஒரு நொடி ஆயிற்று. மைக் அவள் வாய்க்கு நேராக வந்தது.

"எங்க ஊர்ப் பக்கம்... ஒரு அம்மாகிட்டங்க."

"அந்தம்மா நல்லா இருக்காங்களா?"

"இல்லைங்க. தவறிட்டாங்க."

கூட்டத்தில் சிலர் உச்சுக்கொட்டினார்கள். மருதி தலையை ஆட்டினாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, காட்டில் தங்கள் நிலத்துக்கு வேலி போட்டதைப் பற்றியும், தேனெடுக்கப் போனவர்களைப் பிடித்து உள்ளே வைத்ததைப் பற்றியும் கையால் வாயை மறைக்காமல், நேராக நின்று பேசினாள். மரியாதையாகக் கைதட்டினார்கள். பாதிப் பேர் அதற்குள் சாப்பாட்டு வரிசைக்குப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலையில் ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில், ஜெபராணி டாக்ஸியை மணியன் வீட்டுக்கு விடச் சொன்னாள். மருதி வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தாள். ஜெபராணி எதிரே போய் உட்கார்ந்தாள். இருவரும் தங்கள் பேச்சிலேயே பேசினார்கள்.

"ஏங்க்கா என்னைத் தெரியாத மாதிரி இருந்த?"

"நீதான் எங்களைத் தெரியாத மாதிரி இருந்தே. அதுக்குக் காரணம் என்னவோ இருக்கும், நான் போட்டு ஒடச்சு உம் பொழப்புல மண்ணு விழுந்துடக் கூடாதுன்னு இருந்தேன்."

"திட்டுக்கா. அடிக்கக்கூடச் செய்."

"அடிச்சா உனக்கு லேசாயிடும்." மருதி புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "நேத்து நீ ஒதுங்கி நின்னு வாயப் பொத்துனப்ப, அம்மா வந்துட்டான்னு நெனச்சேன். நெசமாலுமே நெனச்சேன். எந்திரிக்கப் பாத்தேன். அதுக்குள்ள எல்லாரும் சிரிச்சாங்க." நிமிர்ந்தாள். "அந்த கார்டு அடிச்சது உனக்கு ஞாபகமிருக்கா?"

"இருக்கு."

"ஞாபகமிருந்துமா பண்ணுனே?"

அம்மா செத்த வாரத்தில் பிளானோவில் நடித்ததை ஜெபராணி அப்போது சொன்னாள். அனுமதி கிடைத்திருக்கும், தான் கேட்கவே இல்லை என்பதையும் சொன்னாள். மருதி கடைசி வரை கேட்டுவிட்டு, "உன்னை எதிர்பார்த்து எடுக்காம வெச்சிருந்தோம்டி. போன் பண்ணப்புறமும் ஒரு நாள் வெச்சிருந்தோம். மனசு கேக்காம கெளம்பி வந்துடுவேன்னு" என்றாள்.

மணியன் மனைவி தனபாக்கியம் தட்டில் தோசையோடு வெளியே வந்தாள். "அட, மூங்கி! நீங்க ரெண்டு பேரும் என்ன பாஷைல பேசிக்கறீங்க? எனக்கு ஒண்ணுமே புரியல."

ஜெபராணி எழுந்து நின்றாள். "எங்க பாஷைங்க ஆன்ட்டி. நானும் இருளர்தான். இவங்க என் கூடப்பிறந்த அக்கா."

தனபாக்கியம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தின நாள் எவ்வளவு சிரித்தோம் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தட்டைப் புல்மேலேயே வைத்துவிட்டு, "சட்னி எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனாள். உள்ளே அவள் தணிந்த குரலில் மணியனைக் கூப்பிடுவது கேட்டது.

மருதி தோசையைப் பிய்த்தாள். "இப்பச் சொல்றே. நேத்து மைக்க நீட்டுனாங்களே" என்றாள். பாதியை இவள் பக்கம் தள்ளினாள்.

ஜெபராணி நியூவார்க்கில் இறங்குவதற்குள் செய்தி, முந்தின இரவே ஊர் திரும்பியிருந்த அனந்தராமனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாகலக்ஷ்மி வரவில்லை. அவர் மட்டும் வீட்டுக்கு வந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"முதல்லயே சொல்லியிருந்தா அந்த சீனை எல்லாம் மாத்தியிருப்பேனே ஜெபா. இப்ப எங்களை எல்லாம் என்னவோ தப்புப் பண்ணவங்க மாதிரி ஆக்கிட்டியே."

"உங்களைச் சொல்லல சார். சொல்லிக் குடுத்ததே நான்தான்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. இனிமே உன்னை யாரும் குறை சொல்ல முடியாது. உன் ஜனம், நீ நடிக்கற. போஸ்டர்லயே போட்டுடலாம்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஜெபராணி எழுந்துகொண்டாள். "இனி நான் மூங்கி பண்ணல சார்" என்றாள்.

நாடகம் நிற்கவில்லை. பிரீத்தா என்ற புதுப் பெண்ணுக்கு வேஷம் போயிற்று. அவள் கேசட்டைப் போட்டுப் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் போனில் கேட்டாள்: "அக்கா, அந்தக் கை மட்டும் சரியா வரமாட்டேங்குது. உள்ளங்கையா, புறங்கையா?"

ஜெபராணி அந்தக் கையின் கதையை முழுக்கச் சொன்னாள். பிரீத்தா, "சாரிக்கா, எனக்குத் தெரியாது" என்றாள்.

2001 வசந்தத்தில் எடிசனில் நாடகம். ரெனிஷோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பிரீத்தா முதல் இரண்டு வசனங்களைக் கையில்லாமல் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை; அரங்கம் இருமத் தொடங்கியது. மூன்றாவதில் கை வாய்க்குப் போயிற்று. அந்த இருமல் என்ன செய்யும் என்று ஜெபராணிக்குத் தெரியும்; பிரீத்தாவைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. முன் வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று அதையே செய்து காட்டின. ரெனிஷ் அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்தான். பார்க்கிங் லாட்டில் வைத்தே, "நாளைக்கு அம்மைகிட்ட சொல்லப் போறேன். நானுந்தானே ஒளிச்சேன்" என்றான். மறுநாள் காலையில் சொல்லவும் செய்தான். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மாதம் போன் வரவில்லை. பிறகு வந்தது. மழையைப் பற்றியும் ரப்பர் விலையைப் பற்றியும் பேசினார்கள்.

சங்கத்து அழைப்புகள் குறைந்து நின்றேபோயின. கிரீன் கார்டு வந்ததும் ஜெபராணி ரயிலேறி மன்ஹாட்டன் போய், சின்னச் சின்ன நாடகக் குழுக்களின் கதவைத் தட்டினாள். ஒரு மாடியறை அரங்கில் அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்கள் நடத்திய குழு ஒன்று இருந்தது. நீ யார் என்று கேட்டார்கள். அமெரிக்காவுக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக, கேட்டவுடனே சொன்னாள். ஒரு சின்ன வேஷம் கொடுத்தார்கள். மகளைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வரும் தாய். நாலே நாலு வசனம். நேராக நின்று, எதிரிலிருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அந்த நாலு வசனத்தைப் பழக அவளுக்கு ரொம்ப நாள் பிடித்தது. கை மேலே வரத் துடிக்கும். அதை இடுப்பில் அழுத்திப் பிடித்துக்கொள்வாள்.

2002 ஜூன் மாதத்தில் அந்த நாடகம் முடிந்த பிறகு, ஒரு காலையில் ஆனைகட்டி பூத்துக்குப் போன் பண்ணி மருதியைக் கூப்பிடச் சொன்னாள். காத்திருந்தாள். மருதி மூச்சு வாங்க வந்து எடுத்தாள். ஜெபராணி புது வேஷத்தைப் பற்றிச் சொன்னாள்.

"எத்தன பேரு பாத்தாங்க?"

"கொஞ்சப் பேருதான்க்கா. நாற்காலியெல்லாம் காலியாத்தான் கெடந்துச்சு."

"சிரிச்சாங்களா?"

"இல்லக்கா. இதுல யாரும் சிரிக்கல."

"சிரிக்கற மாதிரியும் ஒண்ணு பண்ணு. அம்மா எவ்வளவு நக்கல் பேசுவா, உனக்கு மறந்துடுச்சா? அந்த கார்டுக்கே பட்டப்பேரு வெச்சு ஊரையே சிரிக்க வெச்சாளே."

ஜெபராணி யோசித்துப் பார்த்தாள். அந்தப் பட்டப்பெயர் நினைவுக்கு வரவில்லை. பயந்து ஒதுங்கிய அம்மாவைத்தான் இத்தனை வருடமும் சுமந்திருந்தாள். சிரிக்க வைத்த அம்மாவை ஹாஸ்டலுக்குப் போகும்போதே மலையில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"என்ன பேருக்கா அது?"

"போன்ல சொல்ல மாட்டேன். வந்து கேட்டுக்கோ" என்றாள் மருதி. குரலில் இன்னும் கோபம் இருந்தது. "வரும்போது அம்மாவப் பொதச்ச எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க நீயா என்ன சொல்லணுமோ சொல்லிக்கோ. அதுக்கு நான் கூட நிக்க மாட்டேன்."

"சரிக்கா" என்றாள் ஜெபராணி. அன்று மத்தியானமே ஜர்னல் ஸ்கொயரில் இருந்த டிராவல் ஏஜென்ட்டிடம் போய், ஆகஸ்டில் கோயம்புத்தூருக்கு ஒரு டிக்கெட் போடச் சொன்னாள்.